கண்கள் பேசினால் என்ன சொல்லும்?

கே: பென்சிலில் வரைந்த ஒரு பெரியவரின் முகத்தைப் பார்த்தேன். கண்களே பேசுகின்றன! ஆழ்ந்த சோகம் என்கிறேன் நான். திமிர் என்கிறான் நண்பன். ஓவியத்தை வைத்து ஒருவரின் குணத்தைச் சொல்ல முடியுமா?

ப: 'கண்களே பேசுகின்றன!' வந்துவிட்டதா? ஓர் ஓவிய விமர்சனத்திலிருந்து முன்பு இந்தத் தொடரை வெட்டினேன். எழுதியவர் என்னோடு பேச்சையே நிறுத்திவிட்டார். இன்றுவரை அவர் வாயும் பேசவில்லை, கண்ணும் பேசவில்லை.

சரி, பேசும் என்றே வைத்துக்கொள்வோம். என்ன பேசும்? அசையாமல் உட்காரச் சொல்லி ஒன்றரை மணி நேரம் ஆகிறது. கழுத்து வலி, மூக்கு நுனியில் அரிப்பு, ஒரு கால் மரத்தே போய்விட்டது. 'இன்னும் எவ்வளவு நேரம்?' என்றுதான் பேசும். சும்மா உட்கார்ந்தால் எந்த முகமும் தொங்கிப்போகும். அந்தத் தொங்கலுக்கு நீங்கள் ஒரு பெயர் வைத்தீர்கள், நண்பர் இன்னொன்று. புகைப்படத்தைப் பார்த்து வரைந்தது என்றால் இன்னும் மோசம். பெரியவர் தும்மப்போன நொடியாகக்கூட இருக்கலாம்.

1514-ல் ஜெர்மானிய ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் தன் தாயை வரைந்தார். தாய்க்கு வயது 63, பெற்றது 18 பிள்ளைகள். ஒட்டிய கன்னம், துருத்திய எலும்பு, நெற்றியெல்லாம் சுருக்கம். வரைந்தது கரியால். கிராபைட்டோடு களிமண் சேர்த்துச் சுடும் இன்றைய பென்சில் 1795-ல்தான் வந்தது. (அதில் ஈயம் இருக்கிறது என்பவர்களோடு எனக்குத் தனிப் பஞ்சாயத்து. துளி ஈயம் கிடையாது.) வரைந்த இரண்டே மாதத்தில் தாய் இறந்தார். அதையும் அதே தாளில் மகன் எழுதிவைத்தார். படித்துவிட்டுப் பார்த்தால் நெஞ்சு கனக்கிறது. எழுத்தைக் கையால் மறைத்துவிட்டுப் பாருங்கள், கணக்குக் கேட்கும் கண்டிப்பான பாட்டி!

அதனால் பெரியவரின் குணத்தை விடுங்கள், வரைந்த கையைக் கவனியுங்கள். உதட்டோரத்தில் ரப்பர் தேய்த்துத் தேய்த்துத் தாள் நைந்திருக்கிறதா? ஓவியர் தடுமாறிய இடம் அது. அந்தக் கோடு மயிரிழை இறங்கினால் சோகம், ஏறினால் ஏளனம். உங்கள் இருவர் சண்டையும் அந்த மயிரிழைக்குள்தான். முகத்தையெல்லாம் நடுத்தரமான எச்பி (HB) பென்சிலில் மெல்லத் தடவிவிட்டு, புருவத்தை மட்டும் கன்னங்கரேலென்று விழும் 6பி (6B) பென்சிலால் அழுத்தியிருந்தால், திமிர் பென்சிலுடையது.

அப்புறம், அந்தப் பெரியவர் யார் என்று எழுதவே இல்லையே? இருக்கிறார் என்றால் நேரில் போய்க் கேளுங்கள். அவர் வாயாலேயே பேசுவார்.