பனியில் எடுத்த படம் ஏன் சாம்பல் பூத்தது?

கேள்வி: வேலைக்காக ஜப்பானின் சப்போரோ வந்திருக்கிறேன், இதுதான் முதல் குளிர்காலம். பழைய கேனான் ஏஇ-1 ஃபிலிம் கேமரா ஒன்று வாங்கி, 400 ஐஎஸ்ஓ கலர் நெகட்டிவ் ரோல் போட்டு ஓடோரி பூங்காவுக்குப் போனேன். முக்கால் மணி நேரத்தில் ஷட்டர் விழவில்லை. வீட்டுக்கு வந்ததும் தானாகச் சரியாகிவிட்டது, ஆனால் லென்ஸெல்லாம் ஈரம். கழுவி வந்த படங்களில் பனி அழுக்குச் சாம்பலாகத் தெரிகிறது. கேமராவில் கோளாறா?

பதில்: கோளாறு இல்லை, பயப்பட வேண்டாம். முதலில் சாம்பலைப் பார்ப்போம்.

கேமராவுக்குள் இருக்கும் லைட் மீட்டருக்குப் பனி என்றால் என்னவென்று தெரியாது. எதைக் காட்டினாலும் அது நடுத்தரச் சாம்பல் என்று எண்ணியே கணக்குப் போடும். வெள்ளைவெளேரென்ற பூங்காவைக் காட்டினால், வெளிச்சம் அதிகம் என்று ஒளியைக் குறைத்துவிடும். ஆகவே ஒன்று முதல் இரண்டு ஸ்டாப் வரை (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரு மடங்கு) நாம்தான் கூட்டிக் கொடுக்க வேண்டும். ஏஇ-1இல் இதற்கென்று தனி டயல் கிடையாது. ஃபிலிமின் ஒளியுணர்வைச் சொல்லும் ஐஎஸ்ஓ எண்ணைக் கேமராவில் மாற்றி வைத்து மீட்டரை ஏமாற்றலாம்: பனியோடு ஆட்களும் கட்டடமும் இருந்தால் 200, வெயிலில் பனி மட்டுமே நிறைந்திருந்தால் 100. ஓரிரு படங்களுக்கு மட்டும் என்றால் லென்ஸுக்குப் பக்கத்தில் உள்ள பேக்லைட் பொத்தானை அழுத்திக்கொண்டு எடுங்கள், ஒன்றரை ஸ்டாப் கூடும். கடையில் கொடுக்கும்போது வழக்கம்போல 400 என்றே கழுவச் சொல்லுங்கள். கலர் நெகட்டிவ் கூடுதல் ஒளியைத் தாராளமாகத் தாங்கும். ஸ்லைடு ஃபிலிம் தாங்காது, அதில் இந்தத் தாராளம் வேண்டாம்.

எடுத்து முடித்த ரோலையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நெகட்டிவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பனி இருந்த இடம் நன்றாகக் கறுத்து, நிழலான இடங்களிலும் உருவம் தெரிகிறதா? அப்படியானால் ஸ்கேன் செய்த இயந்திரம்தான் எல்லாவற்றையும் சராசரியாக்கியிருக்கிறது. வெளிச்சம் கூட்டி மறுபடி ஸ்கேன் செய்து தரக் கேளுங்கள்.

ஷட்டர் நின்றது பேட்டரியால். ஏஇ-1க்கு மின்சாரம் இல்லாமல் ஷட்டர் விழாது. ஜனவரியில் சப்போரோவின் சராசரியே மைனஸ் 3 டிகிரி அளவில் இருக்கிறது. அந்தக் குளிரில் ஆல்கலைன் 4எல்ஆர்44 சோர்ந்துவிடும், சூடு பட்டால் திரும்ப உயிர் வரும். சில்வர் ஆக்சைடு வகையான 4எஸ்ஆர்44 கொஞ்சம் கூடுதலாகத் தாக்குப்பிடிக்கும். எதுவானாலும் இன்னொன்றைச் சட்டையின் உள்பையில், உடம்புச் சூட்டில் வைத்திருங்கள். கேமராவைக் கோட்டுக்குள் வைத்து, எடுக்கும்போது மட்டும் வெளியே நீட்டினால் போதும். ஒட்டிக்கொள்ளும் கைரோ என்ற சூட்டுப் பொட்டலத்தை ஃபிலிம் இருக்கும் பின்கதவில் ஒட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தச் சூடு ஃபிலிமுக்கு ஆகாது, அதை உங்கள் விரல்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு உண்மையில் கவலை தருவது அந்த ஈரம்தான். குளிரால் கெட்ட கேமராக்களைவிட வீட்டுக்குள் நுழைந்து கெட்டவை அதிகம் என்பது என் அனுபவம். அறைக்குள் துணி காயப்போட்டு, அடுப்பில் குக்கரும் வைத்திருப்பீர்கள். அந்த ஈரக் காற்று சில்லென்ற உலோகத்தில் பட்டதும் நீராகிவிடும். காலையில் ஜன்னல் கண்ணாடியில் வழியும் நீர்த்துளி, ஜப்பானியர் சொல்லும் கெட்சுரோவேதான் இது, கேமராவுக்குள் நடக்கிறது. வெளியே இருக்கும்போதே கேமராவை ஜிப் பையில் போட்டு, காற்றைப் பிதுக்கி மூடுங்கள். ஈரம் பைமேல் படியும், கேமராமேல் படியாது. அப்புறம் ஷூவைக் கழற்றும் வாசல் பகுதியான கென்கானிலேயே, ஷூவுக்குப் பக்கத்தில் அதையும் விட்டுவிடுங்கள். வீட்டில் குளிர்ந்த மூலை அதுதான். ஒரு மணி நேரம் கழித்து உள்ளே எடுத்து, இன்னும் ஒரு மணி நேரம் பொறுத்துப் பையைத் திறக்கலாம். அவசரப்பட்டு ஸ்டவ் முன்னாலோ அடியில் சூடேற்றும் மேசையான கொதாட்சுக்குள்ளோ வைத்துவிடாதீர்கள்.

கேமராவை ஓஷியிரே எனும் படுக்கை வைக்கும் சுவர் அலமாரியில் வைக்க வேண்டாம். வெளிச்சுவரை ஒட்டிய அலமாரி என்றால் லென்ஸில் பூஞ்சை பிடித்துவிடும். மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் போதும்.

கடைசியாக, ரோல் முடிந்ததும் வெளியில் நின்று சரசரவென்று சுற்றாதீர்கள். குளிரில் ஃபிலிம் முறுகிப்போய் எளிதில் கிழியும், உலர்ந்த காற்றில் வேகமாக உரசினால் படத்தில் மின்னல் கீற்றுப் போலக் கோடு விழும். பையிலிருந்து எடுத்த பிறகு வீட்டில் மெதுவாகச் சுற்றிக்கொள்ளலாம்.