29 லாக் ஏறின நட்பு (கடிதம்)

அன்புள்ள மேடம்,

நீங்களும் சாரும் ரிட்டயர் ஆனப்புறம் வீட்ட வித்துட்டு இங்கிலாந்து கால்வாய்ல நேரோபோட்னு ஒரு ஒடுக்கமான படகுல குடியிருக்கறத பத்தி எழுதினத படிச்சேன். 14 நாளைக்கு ஒரு தடவ இடம் மாத்தணும்னு சொல்லியிருந்தீங்க. நான் போன வருஷம் ரிட்டயர் ஆனேன், ஆபீஸ் ஃப்ரெண்ட்ஸ் யாரும் இப்ப ஃபோன் கூட பண்றதில்ல. ஒரே தெருவுல 30 வருஷமா இருக்கற எனக்கே இப்படின்னா, நகர்ந்துட்டே இருக்கற உங்களுக்கு நட்புன்னு ஒண்ணு எப்படி அமையும்?

ஆர்., திருச்சி

அன்புள்ள ஆர். சார்,

உங்க கடிதத்த ரெண்டு தடவ படிச்சேன், அப்புறம் வீட்டுக்காரருக்கும் வாசிச்சு காட்டினேன். "அவருக்கு கேன் ஹில் கதைய எழுது"ன்னார்.

நாங்க இருக்கறது கென்னட் அண்ட் ஏவன் கால்வாய். படக கட்டி நிறுத்த சொந்தமா இடம் இல்லாதவங்க ஒரே எடத்துல 14 நாளுக்கு மேல நிக்கக்கூடாதுன்னு 1995ல வந்த சட்டம். இந்த கால்வாய்ல டிவைசஸ் ஊர்கிட்ட கேன் ஹில்னு ஒரு ஏத்தம் இருக்கு, ரெண்டு மைல்ல 29 லாக், அதுல 16 ஒரே நேர்கோட்டுல படிக்கட்டு மாதிரி. லாக்னா ரெண்டு பக்கமும் கதவு வெச்ச தொட்டி, படகு உள்ள போனதும் கதவ மூடி தண்ணிய விட்டா படகு மெதுவா மேல வரும். எங்க படகு ஏழடி அகலம் கூட இல்ல, இங்க லாக் 14 அடி, அதனால ரெண்டு படகு ஒட்டி நிக்கலாம், தண்ணியும் மிச்சம் வேலையும் பாதி. அதனால கீழ வந்து நின்னாலே முன்னப்பின்ன தெரியாத யாராவது "சேர்ந்து போலாமா"ன்னு கேப்பாங்க.

எங்கள கேட்டது ஒரு ரிட்டயர்டு பஸ் டிரைவரும் அவர் மனைவியும். ஆம்பளைங்க ரெண்டு பேரும் படகுல, படக திருப்பற டில்லர பிடிச்சுக்க, நாங்க ரெண்டு பேரும் கரைல. விண்ட்லஸ்னு ஒரு இரும்பு கைப்பிடி, அத மாட்டி சுத்தினா கடகடன்னு சத்தத்தோட அடைப்பு தூக்கும், தண்ணி பாயும். தண்ணி மட்டம் சமமானதும் கதவோட நீளமான மரக்கட்டைல முதுக சாச்சு பின்னாடியே நடந்து தள்ளணும், கால் வழுக்காம இருக்க தரைல வரிவரியா செங்கல் பதிச்சிருப்பாங்க. முதல் லாக்ல மழைய பத்தி பேசினோம், பத்தாவதுல பிள்ளைங்கள பத்தி. இருபது தாண்டினதும் அவங்க செத்துப்போன தம்பிய பத்தி சொல்லி அழுதாங்க, ஆனா கதவ தள்றத நிறுத்தல, நானும் நிறுத்தல. அப்படியே ஆறு மணி நேரம் போச்சு. மேல வந்ததும் அவங்கவங்க வழிய பாத்து, கை காட்டிட்டு போயிட்டோம்.

அந்த டிசம்பர்ல எங்க ரெண்டு பேருக்கும் ஒரே சமயத்துல காய்ச்சல். சார், படகுல டாய்லெட் கேசட்னு ஒரு பெட்டி, நிறைஞ்சா நாமதான் தூக்கிட்டு போய் கொட்டணும். அந்த வழியா போன ஒருத்தர் எங்க புகைபோக்கில ரெண்டு நாளா புகை இல்லன்னு சொல்லியிருக்கார், அது எப்படியோ அந்த பஸ் டிரைவர் தம்பதி காதுக்கு போய், மூணு மைல் கரையோட நடந்து வந்துட்டாங்க. அவர் ஒரு வார்த்தை கேக்காம கேசட்ட தூக்கிட்டு போய் கொட்டி கழுவி கொண்டு வந்து வெச்சார், ஸ்டவ்ல கரி போட்டார், அந்தம்மா எங்க வீட்டுக்காரர் நெத்தில ஈரத்துணி போட்டுட்டு உக்காந்திருந்தாங்க. பெத்த பிள்ளைகிட்ட கூட அத செய்யச் சொல்ல எனக்கு வாய் வராது.

தனிமை இல்லன்னு சொல்ல மாட்டேன். நவம்பர்ல சாயங்காலம் நாலரைக்கெல்லாம் இருட்டிடும், பக்கத்துல ஒரு படகும் இருக்காது, அப்ப மனசு கனக்கும்.

உங்க ஆபீஸ் நண்பர்கள் கெட்டவங்க இல்ல சார். உங்கள சேர்த்து வெச்சது அந்த வேலை, அது போச்சு, அவங்களுக்கும் இப்ப என்ன பேசறதுன்னு தெரியல. சும்மா காபிக்கு கூப்பிடாதீங்க. ஏதாவது வேலைய சாக்கா வெச்சு கூப்பிடுங்க, பரண ஒழிக்கவோ, தோட்டத்துல மண்ணு கொத்தவோ. கை வேலை செஞ்சாதான் எங்களுக்கும் வாய் திறந்துச்சு.

அவங்க படகு இப்ப இதே கால்வாய்ல பிராட்ஃபோர்ட் ஆன் ஏவன்ங்கற ஊர்ல நிக்குதுன்னு நேத்து எதிர்ல வந்தவர் சொல்லிட்டு போனார். எங்களுக்கு இங்க 14 நாள் வியாழக்கிழமையோட முடியுது, அந்த பக்கமாதான் கிளம்பறோம்.