பைபிள் முரண்பாடுகளை வைத்து விவாதிக்கலாமா? – கேள்வி பதில்

போன மாதம் 'வேதாகமத்தில் பிழை உண்டா?' என்று பேச்சு வந்தபோது நான் கொஞ்சம் அதிகமாகவே பேசிவிட்டேன். வந்த கேள்விகளுக்கெல்லாம் நீயே பதில் எழுது என்று தள்ளிவிட்டார்கள். என்னைப் பற்றி இரண்டு வரி: சி.எஸ்.ஐ. குடும்பம், ஞாயிறு பள்ளியில் மனப்பாட வசனத்துக்குப் பரிசு வாங்கியவன், இப்போது நம்பிக்கை இல்லை. புதிய ஏற்பாட்டுக் கிரேக்கத்தை அகராதி துணையோடு தட்டுத்தடுமாறிப் படிப்பேன். பெயர்களும் வசன எண்களும் நம் வீடுகளில் இருக்கும் பழைய சத்தியவேதத்தின்படி.

அண்ணா, நெட்டில் 101 முரண்பாடுகள் என்று ஒரு பட்டியல் கிடைத்தது. பிரிண்ட் எடுத்து வைத்திருக்கிறேன். அடுத்த வாரம் ஹாஸ்டலில் ஒரு விசுவாசியோடு விவாதம். எதிலிருந்து தொடங்கட்டும்?

பட்டியலைக் கீழே வைத்துவிட்டுத் தொடங்குங்கள் தம்பி. நானும் 22 வயதில் இப்படி ஒரு பட்டியலோடு ஒரு பாஸ்டர் முன்னால் போய் உட்கார்ந்தேன். முதல் மூன்றையும் அவர் காபி ஆறுவதற்குள் உடைத்துப் போட்டார். மூன்றுமே முன்பின் வசனத்தைப் படிக்காமல் யாரோ வெட்டி ஒட்டியவை. மீதி எல்லாம் சரியாகவே இருந்திருந்தாலும் அதற்கப்புறம் அவர் ஏன் கேட்கப்போகிறார்?

ஒன்றே ஒன்றை எடுங்கள். அகசியா ராஜாவை எடுங்கள். அவன் ராஜாவானபோது வயது 22 என்கிறது 2 இராஜாக்கள் 8:26. அதே ஆளுக்கு அதே சமயத்தில் 42 என்கிறது 2 நாளாகமம் 22:2. அவன் அப்பா யோராம் 32 வயதில் ராஜாவாகி, 8 வருஷம் ஆண்டு செத்தான் என்று அதற்கு முந்தின அதிகாரமே சொல்கிறது. ஆக அப்பா சாகும்போது வயது 40, உடனே பட்டத்துக்கு வந்த மகனுக்கு 42. இதற்கு விளக்கவுரை எதுவும் தேவையில்லை.

'படியெடுத்தவர் செய்த பிழை' என்பார் உங்கள் நண்பர். ஒத்துக்கொள்ளுங்கள், அது நியாயமான பதில். பழைய சீரிய மொழிபெயர்ப்பில் 22 என்றுதான் இருக்கிறது. 1978-இல் சிகாகோவில் கூடிய சுவிசேஷகப் பிரிவு அறிஞர்கள் வெளியிட்ட 'பிழையின்மை' அறிக்கையின் 10-வது பிரிவும் இதைத்தான் சொல்கிறது: வேதம் தேவ ஏவுதலால் வந்தது என்பது, கண்டிப்பாகச் சொன்னால், மூலப்பிரதிக்கு மட்டுமே பொருந்தும். அந்த மூலப்பிரதி இன்று யாரிடமும் இல்லை. நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றுதான்: 'அப்படியானால் நம் கையிலிருக்கும் இந்தப் புத்தகத்தில் பிழை உண்டு, அப்படித்தானே?' அவர் ஆம் என்றால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கடவுள் இல்லை என்பது வரை அகசியாவை இழுத்துக்கொண்டு போகாதீர்கள், பாவம்.

முயல் அசைபோடும், வௌவால் பறவை, வட்டத்தின் பை மதிப்பு 3. இதெல்லாம் அறிவியல் பிழைதானே? இதைவிட என்ன வேண்டும்?

இந்த மூன்றையும் நான் கைவிட்டுப் பல வருஷமாகிறது. லேவியராகமம் 11 சமையலுக்கு எது ஆகும் எது ஆகாது என்று ஆடுமாடு மேய்த்தவர்களுக்குச் சொல்வது. பறக்கிறதெல்லாம் ஒரு வகை என்று அவர்கள் பிரித்தால் அது அவர்கள் வகைப்பாடு. நாமும்தான் திமிங்கலத்தை மீன் கணக்கில் சேர்க்கிறோம். முயல் எந்நேரமும் வாயை அசைத்துக்கொண்டே இருக்கும், பார்ப்பவனுக்கு அசைபோடுகிற மாதிரிதான் தெரியும். சாலொமோனின் வெண்கலக் கடல்தொட்டி குறுக்கே 10 முழம், சுற்றளவு 30 முழம் என்பது முழத்தில் அளந்த தோராயம்.

உயிரியல் புத்தகம் என்று அதை விற்பவரிடம் மட்டும் இதைக் கேளுங்கள். 'எல்லா அறிவியலும் பைபிளில் முன்பே இருக்கிறது' என்று வாட்ஸ்அப்பில் அனுப்புகிற மாமா ஒருவர் எல்லார் குடும்பத்திலும் இருப்பார். அவருக்கு முயலை அனுப்பலாம், தப்பில்லை.

யூதாஸ் தூக்குப்போட்டுக்கொண்டானா, விழுந்து செத்தானா? எங்கள் உபதேசியார், 'தூக்குப்போட்டான், கயிறு அறுந்து விழுந்தான்' என்கிறார்.

இந்தக் கயிறு அறுந்த கதை ரொம்பப் பழையது, உபதேசியாரைக் குறை சொல்ல முடியாது. மத்தேயு 27:5 'நான்றுகொண்டு செத்தான்' என்கிறது. அப்போஸ்தலர் 1:18 தலைகீழாக விழுந்தான், வயிறு வெடித்தது, குடல் சரிந்தது என்கிறது. இரண்டையும் ஒரு கயிற்றால் கட்டிவிடலாம், அது நடக்காத காரியமல்ல.

எல்லாரும் குடலையே பார்ப்பார்கள், நிலத்தைப் பார்க்க மாட்டார்கள். நீங்கள் அங்கே கேளுங்கள். மத்தேயுவில் யூதாஸ் 30 வெள்ளிக்காசையும் ஆலயத்தில் எறிந்துவிட்டுப் போகிறான், அந்தக் காசில் குயவனுடைய நிலத்தை வாங்குவது பிரதான ஆசாரியர்கள். அப்போஸ்தலரில் நிலத்தைச் சம்பாதித்தவன் யூதாஸே. அது ஏன் 'இரத்தநிலம்' ஆனது என்பதற்கும் இரண்டு காரணம். அங்கே இயேசுவின் இரத்தக்கிரயம் என்பதால், இங்கே யூதாஸ் செத்த விதம் ஊரெல்லாம் தெரிந்ததால். அதே இடத்தில் மத்தேயு, எரேமியா சொன்னது நிறைவேறியது என்று ஒரு மேற்கோள் காட்டுகிறார். 30 வெள்ளிக்காசும் குயவனும் வருவது எரேமியாவில் அல்ல, சகரியா 11-இல். பழைய சபைப் பிதா அகஸ்டீன் காலத்திலேயே இதோடு மல்லுக்கட்டியிருக்கிறார்கள்.

ஒரு கயிற்றில் ஒரு முடிச்சு போடலாம். நாலு முடிச்சு போட வேண்டியிருந்தால், இரண்டு பேர் இரண்டு விதமாகக் கேட்டு எழுதினார்கள் என்பது எளிதாக இல்லையா?

உங்கள் பார்வையில் இருப்பதிலேயே வலுவானது எது சார்? ஒன்று மட்டும் சொல்லுங்கள்.

சிரேனியுவின் குடிமதிப்பு, அதாவது அவன் காலத்து மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. சந்தேகமே இல்லை.

மத்தேயுவில் இயேசு பிறப்பது பெரிய ஏரோது உயிரோடிருக்கும்போது. ஏரோது செத்தது கி.மு. 4 என்பது பெரும்பாலான வரலாற்றாசிரியர்கள் ஏற்கும் கணக்கு. லூக்கா 2:2-இல், சிரேனியு சீரியாவில் தேசாதிபதியாக இருந்தபோது நடந்த குடிமதிப்புக்காகத்தான் யோசேப்பும் மரியாளும் பெத்லெகேமுக்குப் போகிறார்கள். யூத வரலாற்றாசிரியர் ஜொசிஃபஸ் இந்தக் குடிமதிப்பை விவரமாகவே எழுதியிருக்கிறார். ஏரோதின் மகன் அர்கெலாயுவை ரோம் பதவியிலிருந்து இறக்கி, யூதேயாவை நேரடி ஆட்சிக்குள் கொண்டுவந்து, வரி போட ஆளும் சொத்தும் கணக்கெடுத்த சமயம் அது. கி.பி. 6. இடைவெளி ஏறக்குறைய 10 வருஷம்.

இது எனக்குப் பிடிக்கக் காரணம், இதில் காரண காரியம் இருக்கிறது. ஏரோது இருக்கும்வரை அவன் நாட்டில் வரி வசூல் அவன் வேலை. அவன் குடும்பத்திடமிருந்து யூதேயாவை எடுத்த பிறகுதான் ரோமுக்கு அங்கே தலை எண்ண வேண்டிய தேவையே வந்தது. அந்தக் குடிமதிப்பை எதிர்த்துக் கலிலேயனாகிய யூதாஸ் கலகம் செய்ததை லூக்காவே அப்போஸ்தலர் 5:37-இல் குறிப்பிடுகிறார். அதாவது லூக்காவுக்குச் சம்பவம் தெரியும், வருஷம்தான் இடறுகிறது.

எதிர்த்தரப்பு இரண்டு பதில் சொல்லும். ஒன்று, சிரேனியு அதற்கு முன்பும் ஒருமுறை சீரியாவில் பதவியில் இருந்தான் என்பது. ஏரோதின் கடைசிக் காலத்தில் அங்கே இருந்தவர்கள் சத்துர்னினுஸும் வாருஸும், அவர்கள் பெயர் நமக்குத் தெரியும். இரண்டு, லூக்கா 2:2 'முதலாம் குடிமதிப்பு' என்கிறதே, அந்த 'முதலாம்' என்ற கிரேக்கச் சொல்லுக்கு 'முன்பு' என்று பொருள் கொள்ளலாம் என்பது. வாக்கியத்தை ரொம்ப வளைத்தால்தான் அது நிற்கும். இந்தச் சிக்கல் வராமல் போயிருந்தால் அப்படிப் படிக்க யாருக்கும் தோன்றியிருக்குமா என்பது என் சந்தேகம்.

நான் விசுவாசி. உங்கள் கேள்விகளுக்கெல்லாம் 1,500 வருஷத்துக்கு முன்பே பதில் சொல்லியாகிவிட்டது. ஒரு விபத்தை நாலு பேர் பார்த்தால் நாலு விதமாகத்தான் சொல்வார்கள். ஒரே மாதிரி சொன்னால்தான் சந்தேகப்பட வேண்டும். உயிர்த்தெழுதலும் அப்படித்தான்.

வந்து கேட்டதற்கு நன்றி ஐயா. பாதி ஒத்துக்கொள்கிறேன். கல்லறைக்குப் போன பெண்கள் இரண்டா மூன்றா என்பதில் நான் நேரம் செலவழிக்க மாட்டேன். யோவானில் மகதலேனா மரியாள் தனியாகப் போவது போல இருக்கும். ஆனால் அடுத்த வசனத்திலேயே அவள் 'எங்களுக்குத் தெரியவில்லை' என்று பன்மையில் பேசுகிறாள். ஒருவர் பெயரைச் சொல்வதால் மற்றவர்கள் வரவில்லை என்றாகாது.

மீதிப் பாதிக்கு வருவோம். சீஷர்கள் கலிலேயாவுக்குப் போகவேண்டும், அங்கே என்னைக் காண்பார்கள் என்கிறார் மத்தேயுவின் இயேசு. அவர்கள் போய் அங்கே ஒரு மலையில் காண்கிறார்கள். லூக்காவின் இயேசு அன்று சாயங்காலமே எருசலேமில் அவர்களைச் சந்தித்து, பரத்திலிருந்து பெலன் வரும்வரை நகரத்திலேயே இருங்கள் என்கிறார். அப்போஸ்தலர் 1-ஐ வைத்து, 'அந்தக் கட்டளை 40 நாள் கழித்துச் சொன்னது, கலிலேயா இடையில் நடந்தது' என்பீர்கள். அது நடந்திருக்க முடியாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் லூக்கா 24-ஐ மட்டும் படிக்கிறவருக்குக் கலிலேயாவுக்கு இடமே இல்லை.

அப்புறம் இந்த விபத்து உவமை. நாலு சாட்சிகள் தனித்தனியாகப் பார்த்திருந்தால் அது பொருந்தும். மத்தேயுவும் லூக்காவும் பல இடங்களில் மாற்குவின் கிரேக்கத்தைச் சொல்லுக்குச் சொல் எடுத்து எழுதியிருக்கிறார்கள். போலீஸ் ஸ்டேஷனில் இரண்டாவது சாட்சி முதல் சாட்சியின் வாக்குமூலத்தைக் கையில் வைத்துக்கொண்டு திருத்தி எழுதினால் அதை எப்படி எடுத்துக்கொள்வீர்கள்?

திருத்தியதற்கு ஒரு சின்ன உதாரணம். ஆசாரியர்கள் மட்டுமே சாப்பிடலாம் என்றிருந்த சமுகத்தப்பத்தைத் தாவீது சாப்பிட்டது பிரதான ஆசாரியன் அபியத்தார் காலத்தில் என்கிறார் மாற்கு 2:26. 1 சாமுவேல் 21-இல் அப்பத்தைக் கொடுத்தவர் அவன் அப்பா அகிமெலேக்கு. மத்தேயுவும் லூக்காவும் இதே கதையைச் சொல்லும்போது அபியத்தார் பெயரைச் சத்தமில்லாமல் விட்டுவிடுகிறார்கள். புதிய ஏற்பாட்டு அறிஞர் பார்ட் எர்மன் பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரியில் மாணவராக இருந்தபோது இந்த வசனத்தைக் காப்பாற்ற ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். அதைத் திருத்திய பேராசிரியர், மாற்கு இங்கே தப்பு செய்திருக்கலாமே என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தாராம். அந்தப் பேராசிரியர் பக்தியுள்ள விசுவாசி. இதை நான் உங்களை மடக்கச் சொல்லவில்லை. அந்த ஒரு வரியை எழுதிவிட்டும் விசுவாசியாக இருக்க முடிகிறது, அவ்வளவுதான்.

தாவீதை ஜனத்தொகை எடுக்கத் தூண்டியது கர்த்தரா சாத்தானா?

2 சாமுவேல் 24-இல் கர்த்தருடைய கோபம், 1 நாளாகமம் 21-இல் சாத்தான். இதைப் பிழை என்று அடிப்பதைவிட வளர்ச்சி என்று படித்தால் சுவை. நாளாகமம் எழுதியவர் பாபிலோன் சிறையிருப்புக்குப் பிற்பட்டவர். கர்த்தரே தூண்டிவிட்டு அவரே தண்டிப்பது அவருக்கு ஒப்பவில்லை, பழியை வேறிடம் மாற்றினார். பழைய கதை ஒருவர் மனசாட்சியில் உறுத்துவதை 2 வசனத்தில் பார்க்கலாம். கதையின் முடிவில் பலிபீடம் கட்டத் தாவீது வாங்கும் களத்தின் விலை 50 வெள்ளிச் சேக்கலா 600 பொன் சேக்கலா என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

என் கத்தோலிக்க நண்பனிடம் எதைச் சொன்னாலும் 'ஆமா, அதுக்கென்ன?' என்கிறான். என்ன செய்வது?

ஒன்றும் செய்ய வேண்டாம், அவன் உங்கள் எதிராளியே அல்ல. 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட ஏடு, நம் மீட்புக்காகக் கடவுள் எழுதிவைக்க விரும்பிய உண்மையை வேதம் பிழையின்றிக் கற்பிக்கிறது என்றது, இலக்கிய வகையைப் பார்த்துப் படிக்கவும் சொன்னது. அதற்கும் வெகு முன்பே, 3-ஆம் நூற்றாண்டில் ஓரிகன் என்ற கிறிஸ்தவ அறிஞர், சூரியனே இல்லாமல் முதல் மூன்று நாளும் மாலையும் காலையும் எப்படி வந்தன, புத்தியுள்ள எவன் அதை அப்படியே நம்புவான் என்று கேட்டுவிட்டார். எதிரில் இருப்பவர் எதை நம்புகிறார் என்று கேட்காமல் வாயைத் திறந்தால் பாதி விவாதம் இப்படித்தான் காற்றில் போகும்.

1 யோவான் 5:7, 'இம்மூவரும் ஒன்றாயிருக்கிறார்கள்', பிற்காலச் சேர்க்கை என்கிறார்களே?

ஆம். பழைய கிரேக்கப் பிரதிகளில் கிடையாது. கிரேக்கப் புதிய ஏற்பாட்டை அச்சில் கொண்டுவந்த எராஸ்மஸ் 1516, 1519 பதிப்புகளில் இதை விட்டுவிட்டு, எதிர்ப்புக்குப் பின் 1522-இல் சேர்த்தார். நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் இன்றும் அப்படியே இருக்கிறது. ஆனால் இது முரண்பாடு அல்ல, வேறு பிரச்சினை. இரண்டையும் குழப்ப வேண்டாம்.

நம் பக்கத்தில் யாராவது மேடை போட்டு இதை விவாதித்திருக்கிறார்களா?

இலங்கையில், கொழும்புக்குத் தெற்கே பாணந்துறையில், 1873 ஆகஸ்ட் 26-லும் 28-லும். ஒரு பக்கம் பௌத்தத் துறவி மிகெட்டுவத்தே குணானந்த தேரர். மறுபக்கம் வெஸ்லியன் போதகர் டேவிட் டி சில்வாவும் அவரோடு சிரிமன்னவும். ஆயிரக்கணக்கில் கூட்டம்.

தேரர் பைபிளை நன்றாகவே படித்துவிட்டு வந்திருந்தார். யாத்திராகமம் 20:5-இல் வரும் பொறாமைப்படும் தேவனைச் சிங்களத்தில் 'ஒளிவீசும்' என்று பொருள்படும் சொல்லால் மழுப்பிவிட்டார்கள் என்று போட்டு உடைத்தார். நம்மவர்கள் 'எரிச்சலுள்ள தேவன்' என்று ஒளிவுமறைவில்லாமல் போட்டிருக்கிறார்கள், அந்த விஷயத்தில் தமிழுக்கு ஒரு சபாஷ். நியாயாதிபதிகள் 1:19-இல் கர்த்தர் கூட இருந்தும், பள்ளத்தாக்கின் குடிகளிடம் இரும்பு ரதங்கள் இருந்ததால் அவர்களைத் துரத்த முடியாமல் போனதையும் எடுத்தார்: பேய்தானே இரும்புக்குப் பயப்படும் என்பது அவர் கிண்டல். கூட்டம் எப்படி ரசித்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் எதிரே நின்ற டி சில்வா பாலி படித்தவர், அவரும் பௌத்த நூல்களில் ஓட்டை காட்டினார். யாரும் யாரையும் மாற்றிவிடவில்லை. நடந்தது வேறு. அந்த விவாதம் ஆங்கிலத்தில் அச்சாகி அமெரிக்கா போய், அதைப் படித்த, பிரம்மஞான சபையைத் தொடங்கியவர்களில் ஒருவரான கர்னல் ஆல்காட் 1880-இல் இலங்கைக்கு வந்து இறங்கினார். பௌத்தப் பள்ளிகள் எழுந்தன. மேடைக்கு வெளியே நின்று கேட்டவர்களுக்குத்தான் விவாதம் வேலை செய்கிறது என்று நான் நினைப்பது இதை வைத்துத்தான்.

அண்ணா, கடைசியாக ஒன்று. எனக்கு நம்பிக்கை போய் 2 வருஷம் ஆகிறது. அம்மாவிடம் இந்த முரண்பாடுகளையெல்லாம் சொல்லிப் புரியவைக்கலாமா?

நம்பிக்கை போய்விட்டது என்பதைச் சொல்வது வேறு, அதை உங்கள் மனம் தயாரானபோது சொல்லுங்கள். முரண்பாடுகளைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். அம்மா விடியற்காலை 4 மணிக்கு முழங்காலில் நிற்பது நாளாகமத்தின் கணக்கு சரியாக இருப்பதால் அல்ல.

நான் போயிருக்கிறேன். அகசியாவின் வயதைக் காகிதத்தில் கணக்குப் போட்டு அம்மாவிடம் காட்டினேன், 22, 42, அப்பாவுக்கு 40 என்று. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதும் பார்த்தார். பார்த்துவிட்டு, "அகசியாவா, அது யாருடா?" என்று கேட்டார்.