கப்பலில் ஆம்பூர் பிரியாணி கிடைக்குமா?

நண்பர்களோடு சொகுசுக் கப்பலில் போக நினைக்கும் வேலூர் வட்டார வாசகர்கள், அங்கே சாப்பாடும் இரவுப் பொழுதும் எப்படி என்று கேட்டு எழுதியிருக்கிறார்கள். வெளிநாட்டுக் கப்பல்களின் சாப்பாட்டுக் கூடங்களில் பரிமாறிவிட்டு, இப்போது காட்பாடியில் மெஸ் நடத்துபவர் பதில் சொல்கிறார்.

நாங்கள் ஆறு பேர், கல்லூரித் தோழிகள். பிள்ளைகள் கல்யாணமெல்லாம் முடிந்தது. சென்னையிலிருந்து கிளம்பும் கப்பலில் இரண்டு இரவு போய்வர ஆசை. இரண்டு பேர் சைவம். ஒருத்தி வெங்காயம், பூண்டுகூடத் தொடமாட்டாள். இன்னொருத்திக்குக் கோழி இல்லாமல் சோறு இறங்காது. ஒத்துவருமா?
– வாசகி, சத்துவாச்சாரி

சாப்பாடு ஒத்துவரும். நீங்கள் கவலைப்பட வேண்டியது மேஜையைப் பற்றி. ஆறு பேரும் இரண்டிரண்டாக மூன்று அறை எடுப்பீர்கள். மூன்று அறைக்கு மூன்று முன்பதிவு எண். அவை தனித்தனியாகவே கிடந்தால், இரவுச் சாப்பாட்டுக்கு உங்களை மூன்று மூலையில் உட்கார வைத்துவிடுவார்கள். கூடம் நிரம்பிய பிறகு, ‘நாங்கள் எல்லோரும் ஒன்றாக வந்தவர்கள்’ என்று வாசலில் நின்று கெஞ்சும் கூட்டத்தை நிறையப் பார்த்திருக்கிறேன். டிக்கெட் போடும்போதே மூன்று எண்ணையும் இணைத்து, ஆறு பேருக்கு ஒரே மேஜை வேண்டும் என்று முகவரிடம் சொல்லுங்கள். ‘அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்’ என்பார். விடாதீர்கள்.

பெரிய கப்பல்களில் பொதுவாக இரவுச் சாப்பாடு இரண்டு பந்தி. முதல் பந்தி ஆறு மணிவாக்கில், அடுத்தது எட்டரைவாக்கில். ஆறு மணிக்கு நம் ஊர் வயிறு டீயும் போண்டாவும்தான் கேட்கும், இரண்டாவதை எடுங்கள். அரங்கத்து ஆட்டம், பாட்டை முதலில் பார்த்துவிட்டு நிதானமாக வந்து உட்காரலாம். எழுந்திருக்கச் சொல்ல அடுத்த பந்தி கிடையாது.

வெங்காயம், பூண்டு தொடாத தோழியைப் பற்றி. இந்தியப் பயணிகளை நம்பி ஓடும் கப்பல்களில் ஜைன உணவு தனியாகவே உண்டு. பின்னாளில் சிங்கப்பூர் பக்கம் போய் வெளிநாட்டுக் கப்பல் ஏறினால், டிக்கெட் போடும்போது ஒரு முறை, முதல் இரவு தலைமைப் பரிமாறுபவரிடம் இன்னொரு முறை சொல்ல வேண்டும். மறுநாள் உணவுப் பட்டியலை அவர் முன்னிரவே கொண்டுவந்து காட்டுவார்; அதில் தேர்ந்தெடுத்துச் சொன்னால் அடுப்படியில் தனியாகச் சமைப்பார்கள். சூப்பு மேஜைக்கு வந்த பிறகு ‘இதில் பூண்டு இருக்கிறதா?’ என்று கேட்டால் ஒன்றும் செய்ய முடியாது. காலையிலேயே அண்டாவில் கொதித்துவிட்ட சூப்பு அது.

பகலில் பஃபே. தட்டை எடுக்காமல் முதலில் ஒரு சுற்று நடந்து பார்த்துவிட்டு வாருங்கள். வாசலிலேயே இருக்கும் ரொட்டியையும் சாலட்டையும் நிரப்பிக்கொண்டு, கடைசியில் இருக்கும் நல்ல மீனுக்குத் தட்டில் இடமில்லாமல் நிற்பவர்கள்தான் அதிகம். கை கழுவும் தொட்டி இருந்தால் கட்டாயம் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கப்பலில் சில நேரம் பரவும் நோரோ வைரஸ் வயிற்றுப்போக்கை, கையில் தடவும் சானிடைசர் சரியாகத் தடுக்காது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பகலெல்லாம் ஆறு பேரும் ஒட்டிக்கொண்டே திரிய வேண்டாம். ஒருத்தி தூங்கட்டும், ஒருத்தி மேல்தளத்தில் காற்று வாங்கட்டும். இரவு மேஜையில் பேச ஏதாவது மிச்சம் இருக்க வேண்டுமே!

கப்பலில் ஆம்பூர் பிரியாணி கிடைக்குமா?
– வாசகர், ஆம்பூர்

கிடைக்காது. பிரியாணி கிடைக்கும்.

ஆம்பூர்க்காரர் கேட்பதால் காரணத்தையும் சொல்கிறேன். நடுக்கடலில் தீ விபத்தைவிடப் பெரிய பயம் கப்பல்காரர்களுக்கு இல்லை. அதனால் இன்றைய பயணிகள் கப்பல்களின் சமையலறையில் பெரும்பாலும் எல்லாமே மின்சார அடுப்புகள்தான். விறகை எரித்து, தேக்சாவின் மூடி மேல் தணலை அள்ளிப் போட்டுத் தம் கட்டுவது அங்கே நடக்காது. சீரகச் சம்பாவும் அபூர்வம். நீள நீளமாகப் பாஸ்மதிதான் வரும். கத்தரிக்காய்த் தொக்கைக் கேட்டுவிடாதீர்கள், தயிரில் வெள்ளரிக்காயைப் போட்டுக் கொண்டுவந்து வைப்பார்கள். கிளம்புவதற்கு முந்தின நாள் ஊரிலேயே சாப்பிட்டுவிட்டு ஏறுங்கள்.

தோல் தொழிற்சாலையில் ஒன்றாக வேலை பார்க்கும் எட்டு பேர் போகிறோம். எல்லாம் சேர்த்துத்தான் கட்டணம் என்கிறார்கள். மதுவுமா?
– வாசகர், ராணிப்பேட்டை

பொதுவாக இல்லை. கட்டணத்தில் அறையும், பொதுக்கூடச் சாப்பாடும், மேடை நிகழ்ச்சிகளும் அடங்கும். மது, பல கப்பல்களில் குளிர்பானம், தனிக் கட்டண உணவகம், வைஃபை எல்லாம் வெளியே. ரொக்கம் வாங்கமாட்டார்கள். அறைக் கதவைத் திறக்கும் அதே அட்டையை நீட்டினால் போதும், கணக்கில் ஏறிக்கொண்டே போகும். எட்டு பேர் கூட்டத்தில் ‘இது என் கணக்கு’ என்று முதல் இரவு அட்டையை நீட்டும் தாராளப் பிரபு ஒருவர் இருப்பார். கடைசி நாள் காலை அவர் முகத்தைப் பார்க்க முடியாது. அவரவர் அட்டையில் அவரவர் குடிக்கட்டும். கடைசி இரவே வரவேற்பு மேஜைக்குப் போய்க் கணக்கைப் பாருங்கள். காலையில் வரிசை நீளமாக இருக்கும்.

ஒரே தொகை கட்டி நாள் முழுக்கக் குடிக்கும் திட்டமும் உண்டு. பல வெளிநாட்டு நிறுவனங்களில் ஓர் அறையில் ஒருவர் அதை வாங்கினால் கூட இருக்கும் பெரியவரும் வாங்கியாக வேண்டும். ஆகவே குடிப்பவரையும் குடிக்காதவரையும் ஒரே அறையில் போடாதீர்கள். அமெரிக்க நிறுவனங்களில் ஒவ்வொரு கோப்பை மேலும் 18 சதவீதமோ அதற்கு மேலுமோ சேவைக் கட்டணம் ஏறும். பெட்டிக்குள் பாட்டிலை ஒளித்துக்கொண்டு போக நினைக்க வேண்டாம். ஏறும்போதே ஊடுகதிரில் பார்த்து எடுத்துவிடுவார்கள்.

கப்பலில் சூதாட்டம் நடக்கிறது என்றுதானே புதுச்சேரியில் விடவில்லை?
– வாசகர், குடியாத்தம்

ஆமாம். 2022 ஜூனில் சென்னையிலிருந்து கிளம்பிய கப்பலை, சூதாட்டத்துக்கு எழுந்த எதிர்ப்பால் புதுச்சேரியில் அனுமதிக்கவில்லை. பொதுவாகவே கப்பல் துறைமுகத்தில் நிற்கும்போது காசினோவைப் பூட்டித்தான் வைப்பார்கள். கரையிலிருந்து 12 கடல் மைல், அதாவது சுமார் 22 கிலோமீட்டர் வரை அந்தந்த நாட்டின் கடல் எல்லை. அதைத் தாண்டிய பிறகுதான் விளக்கைப் போடுவார்கள். உள்ளே போய் வேடிக்கை பார்க்கப் பல கப்பல்களில் காசு கேட்பதில்லை. வேடிக்கையோடு வெளியே வந்துவிடுங்கள்.

சாப்பிட்டுவிட்டு நடனக் கூடத்துக்குப் போனால் கப்பல் ஆட்டத்தில் வாந்தி வராதா?
– வாசகி, திருப்பத்தூர்

பெரிய கப்பல்களின் அடிவயிற்றில், இருபுறமும் துடுப்புப் போல நீட்டிக்கொள்ளும் நிலைப்படுத்திகள் உண்டு. அமைதியான கடலில் நகர்வதே தெரியாது. வங்கக் கடல் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை முரண்டு பிடிக்கும். அந்த மாதங்களைத் தவிர்த்தால் நல்லது. அறையைக் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் கேளுங்கள். ஆட்டம் அங்கேதான் குறைவு.

கடல் கொந்தளிக்கும் இரவுகளில் நாங்கள் மேஜை விரிப்பில் தண்ணீர் தெளித்து ஈரமாக்கிவிட்டுத்தான் தட்டுகளை வைப்போம். ஈரத் துணியில் தட்டு வழுக்காது. நீங்கள் போகும் கப்பலில் விரிப்பு ஈரமாக இருந்தால் அழுக்கு என்று நினைத்துக் கோபப்படாதீர்கள். அன்றைக்குக் கொஞ்சமாகச் சாப்பிடுங்கள். தலை சுற்றினால் பச்சை ஆப்பிளும் உப்பு பிஸ்கட்டும் கேளுங்கள். மாலுமிகளே அதைத்தான் தின்பார்கள். காலி வயிறு இன்னும் மோசம்.

நடனக் கூடம் பதினொரு மணிக்கு மேல்தான் சூடு பிடிக்கும். சத்தம் ஒத்துக்கொள்ளாதவர்கள், மெல்லிய பாட்டுக் கச்சேரி நடக்கும் சின்னக் கூடத்தைத் தேடிப் பிடியுங்கள். பழைய பாட்டைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தால் பாடுவார்கள்.

உடை விஷயத்தில் கட்டுப்பாடு உண்டா? ஆற்காடு மக்கன் பேடா கொண்டுபோகலாமா?
– வாசகர், ஆற்காடு

இரவுச் சாப்பாட்டுக் கூடத்தில் பொதுவாக அரைக்கால் சட்டைக்கும் ரப்பர் செருப்புக்கும் இடமில்லை. அலங்கார இரவு என்று ஒன்று வைப்பார்கள். அன்றைக்கு ஒரு பெண்மணி ஆரணிப் பட்டில் வந்தால், கோட்டு போட்ட வெள்ளைக்காரர்கள் வழிவிட்டு நிற்பார்கள். நீச்சல் குளத்தில் மட்டும் சுடிதாரோடு இறங்க விடமாட்டார்கள்; நீச்சல் உடை வேண்டும்.

பேடா விஷயம்: வீட்டில் சமைத்தது, கடையில் தளர்வாகக் கட்டியது எதையும் ஏற்ற விடமாட்டார்கள். ஆலையில் அடைத்து மூடிய பாக்கெட்டுகளைப் பெரும்பாலும் அனுமதிப்பார்கள். பாகு சொட்டும் பேடா அந்தக் கணக்கில் வராது. மின்சாரக் கெட்டிலும் இஸ்திரிப் பெட்டியும்கூட வேண்டாம். காட்பாடியிலிருந்து சென்ட்ரல் 130 கிலோமீட்டர், ரயிலில் இரண்டு மணி நேரச் சொச்சம். ஏறுவதற்கான கதவைக் கப்பல் நகர்வதற்கு வெகுமுன்பே மூடிவிடுவார்கள். காலை ரயிலிலேயே போய்விடுங்கள். பேடாவை ரயிலிலேயே தின்று முடித்துவிடலாம்.