முருங்கைப் பொடியைக் கேப்சூலில் அடைத்து விற்க 100 ரூபாய் உணவுப் பாதுகாப்புப் பதிவு (FSSAI) போதுமா?

போதாதுங்க. கேள்வி கேட்டவர் அநேகமாக மொட்டை மாடியில் இலை காயவைத்து, இணையத்தில் கை மெஷினும் காலி கேப்சூலும் ஆர்டர் போட்டுவிட்டுத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நானும் அப்படித்தான் செய்தேன், அதனால் சொல்கிறேன்.

எங்களுக்கு மூலனூர்ப் பக்கம் இரண்டு ஏக்கர் செடிமுருங்கை. காய் பறிக்கிற கூலிக்கே கட்டாத ஒரு சீசனில் இலைப் பொடிக்கு மாறினேன். பொடி பாக்கெட்டில் இருக்கும் வரை அது சாப்பாட்டுச் சாமான். நான் ஆரம்பித்த காலத்தில் வருடம் 12 லட்சத்துக்குள் வியாபாரம் என்றால் 100 ரூபாய்ப் பதிவில் முடிந்தது. அதே பொடியைக் கேப்சூலில் அடைத்து ‘தினம் இரண்டு’ என்று எழுதினீர்களோ, ஹெல்த் சப்ளிமென்ட் (சாப்பாட்டோடு கூடுதலாக எடுக்கிற சத்துப் பொருள்) ஆகிவிடும். 2006 உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 22ஆம் பிரிவில் வருகிற சங்கதி இது. விதிகள் 2016 டிசம்பரில் வந்தன, 2018 ஜனவரி முதல் அமல். 2020க்குப் பிறகு இதைத் தயாரிப்பவர் சின்ன ஆளோ பெரிய ஆளோ, மத்திய லைசென்ஸ்தான். நான் விசாரித்தபோது வருடத்துக்கு 7,500 ரூபாய்.

இதெல்லாம் எனக்கு எப்போது தெரிந்தது? தாராபுரத்தில் ஒரு செக்கெண்ணெய்க் கடையில் என் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு உணவுப் பாதுகாப்பு அலுவலர் போன் போட்டபோதுதான். பைக்கை எடுத்துக்கொண்டு ஓடினேன். என்னைவிடச் சின்ன வயசுப் பெண். சத்தம் போடவில்லை. “ஏனுங்கண்ணா, பச்சைப் புள்ளி போட்டிருக்கீங்க, இந்தக் கூடு எதுல செஞ்சதுங்க?” என்று கேட்டார். முழித்தேன். விலை கம்மி என்று நான் வாங்கியிருந்தது ஜெலட்டின் கூடு. மாட்டெலும்பு, தோலிலிருந்து எடுக்கிற சரக்கு. பழுப்புக் குறி போட்டிருக்க வேண்டும். புரட்டாசி முழுக்கக் கவிச்சியே தொடாத எங்கள் சனத்துக்கு அதைத்தான் பச்சைப் புள்ளி போட்டு விற்றிருக்கிறேன். கடைக்காரர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை விடுங்கள்.

அப்புறம் லேபிளைத் திருப்பினார். பெரிய எழுத்தில் ‘சர்க்கரைக்கு நிரந்தரத் தீர்வு’. உணவு என்று விற்கும் எதற்கும் நோயைக் குணமாக்கும் என்று எழுதக் கூடாது. போதாக்குறைக்கு 1954லிருந்தே மாயத் தீர்வு விளம்பரங்களுக்கு எதிராகத் தனிச் சட்டம் இருக்கிறது. அதன் பட்டியலில் உள்ள 54 நோய்களில் சர்க்கரையும் ஒன்று. சித்த மருந்து என்று விற்கப் போனால் அதற்கு வேறு லைசென்ஸ், வேறு அலுவலகம்.

‘முருங்கைக்குமா லைசென்ஸ், எங்க அப்பத்தா கேட்டுட்டா பொரியல் செஞ்சாங்க’ என்று கீழே எழுத வருகிறவர்களுக்கு: நானும் அன்றைக்கு அந்த அம்மணியிடம் அதையேதான் பேசினேன். ‘கார்ப்பரேட் சதி’ என்று எழுத வருகிறவர்களுக்கும் பாதி ஒத்துக்கொள்கிறேன். நூறு டப்பா விற்பவனும் ஃபேக்டரி வைத்திருப்பவனும் ஒரே லைசென்ஸ் எடுக்க வேண்டும் என்பது எனக்கு இன்றைக்கும் வயிற்றெரிச்சல்தான்.

ஆனால் அந்த லேபிள் பற்றி வாதாட எனக்கு வாயில்லை. காங்கேயத்துப் பெரியம்மா ஒருத்தர் மாதம் இரண்டு டப்பா வாங்குவார். “கண்ணு, டாக்டர் குடுத்த மாத்திரையை நிறுத்திப்போடட்டுமா?” என்று ஒருநாள் போனில் கேட்டார். “ஒரு மாசம் நிறுத்திப் பாருங்க” என்று சொன்னவன் நான்தான். நல்லவேளை, அவர் மகன் விடவில்லை.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், திட்டினாலும் பரவாயில்லை. சப்ளிமென்ட் டப்பாவில் ‘இது மருந்து அல்ல’ என்கிற எச்சரிக்கை கட்டாயம். எந்த மொழியில்? லேபிள் விவரங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தாக வேண்டும். தமிழ் கூடுதலாகப் போட்டுக்கொள்ளலாம், தமிழில் மட்டும் போட்டால் செல்லாது. சரி, அந்தப் பெரியம்மா என் டப்பாவில் படித்தது எதை? நான் தமிழில் எழுதிய பொய்யை. விதிப்படி அந்த எச்சரிக்கையை அச்சடித்திருந்தாலும் அது இங்கிலீசில் இருந்திருக்கும், அவருக்கு ஒரு எழுத்துப் புரிந்திருக்காது. டெல்லியில் உட்கார்ந்து இத்தனை விதி எழுதியவர்களுக்கு, விற்கிற ஊர் மொழியிலும் அந்த ஒரு வரி கட்டாயம் என்று எழுதக் கை வரவில்லை.

கேப்சூலை விட்டுவிட்டேன். இப்போது பொடி மட்டும். ‘இது மருந்து அல்ல’ என்று ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செய்து ஒவ்வொரு பாக்கெட்டிலும் நானே குத்துகிறேன், மை ஈஷிக்கொள்கிறது. அச்சடித்த பழைய லேபிள் பத்தாயிரத்தில் முக்கால்வாசி கட்டிலுக்கடியில் கிடக்கிறது. அதன் முதுகில்தான் வீட்டில் பால் கணக்கு ஓடுகிறது. பெரியம்மா போன வாரம்கூடக் கூப்பிட்டார். “அந்த மாத்திரை மறுக்கா எப்ப வரும் கண்ணு?”