அண்ணனுக்காகச் சைகை மொழியில் பேசிய செனட்டர்

கேள்வி: அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேலவையான செனட்டில் நீண்ட காலம் இருந்தவர்களில் யாரைப் பற்றித் தெரிந்துகொள்ளலாம்?

போட்டித் தேர்வுக்குப் படிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அப்படியென்றால் ராபர்ட் பைர்ட் என்று குறித்துக்கொள்ளுங்கள். 51 ஆண்டுகள் இருந்தவர், அவரை யாரும் மிஞ்சவில்லை. ஆனால் நான் சொல்ல வந்தது அயோவா மாநிலத்து டாம் ஹார்கின் பற்றி. சுரங்கத் தொழிலாளியின் மகன். பத்து ஆண்டுகள் பிரதிநிதிகள் சபையில், பிறகு 1985 முதல் 2015 வரை செனட்டில் இருந்தார். அவருடைய அண்ணன் ஃபிராங்குக்குச் சிறுவயதிலேயே காது கேட்காமல் போய்விட்டது.

என் அண்ணனுக்கும் காது கேட்காது.

போன வருஷம் வயிற்றுவலி என்று தனியாக ஒரு மருத்துவமனைக்குப் போனான். டோக்கன் 14. மைக்கில்தான் நம்பரைக் கூப்பிடுவார்கள். காலை ஒன்பது மணிக்குப் போனவன் மதியம் இரண்டு வரை உட்கார்ந்திருக்கிறான். கடைசியில் எழுதிக் காட்டிக் கேட்டதற்கு, "கூட யாரும் வரலையா?" என்று அதே சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். லேத் பட்டறையில் உழைத்து இரண்டு பிள்ளைகளைப் படிக்கவைப்பவன் அவன். அந்தச் சீட்டைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தான்.

ஃபிராங்குக்கும் பள்ளியில் மூன்றே வழிதான் காட்டினார்கள்: ரொட்டி சுடு, செருப்புத் தை, இல்லாவிட்டால் அச்சகத்தில் எடுபிடியாக இரு. தம்பி அதை மறக்கவில்லை. 1990-ல் மாற்றுத்திறனாளிகளுக்கான சட்டத்தை செனட்டில் முன்னின்று நிறைவேற்றியவர் அவர்தான். நிறைவேறிய அன்று அவையிலேயே சைகை மொழியில் பேசினார். அந்தச் சட்டப்படி, காது கேளாதவருக்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டால் மருத்துவமனைதான் ஏற்பாடு செய்யவேண்டும். செலவை நோயாளி தலையில் கட்டக்கூடாது.

"ஈராக் போருக்கு 2002-ல் ஆதரவாக ஓட்டுப் போட்டவர்தானே?" என்று யாராவது கேட்பீர்கள். போட்டார், அது தவறுதான். ஆனால் 1970-ல் வியட்நாமின் கான் சோன் சிறையில் கைதிகளை அடைத்திருந்த, 'புலிக்கூண்டு' என்று பெயர்பெற்ற குறுகிய கொட்டடிகளைப் படம்பிடித்து வெளியே கொண்டுவந்ததும் இதே ஆள்தான். நம் நாட்டிலும் 2016-ல் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்துவிட்டது என்பீர்கள். தெரியும், அதை முழுக்கப் படித்திருக்கிறேன்.

அப்புறம் இந்தத் தொலைக்காட்சி. 13 அங்குலமோ அதற்கு மேலோ உள்ள டிவி எல்லாவற்றிலும் வசனம் எழுத்தாகத் தெரிய வசதி வேண்டும் என்று 1990-லேயே அங்கே சட்டம் போட்டார்கள். அதற்கும் ஹார்கின் பாடுபட்டார். என் அண்ணன் இன்றும் செய்தியின் அடியில் ஓடும் வரியை மட்டும்தான் படிக்கிறான். வீட்டில் எல்லாரும் சிரிக்கும்போது எங்கள் முகத்தைப் பார்க்கிறான்.

அந்த மருத்துவமனையில் ஒரு எண் பலகை வைக்கச் சொல்லி எழுதிக் கொடுத்து எட்டு மாதம் ஆகிறது. இன்னமும் மைக்தான்.