அம்மா விழுந்த அன்று நான் கேட்ட கேள்வி

கேள்வி: வாக்குவாதத்தில் 'நீ மட்டும் யோக்கியமா?' என்று திருப்பிக் கேட்டால், பேச்சைத் திசைதிருப்புகிறாய் என்று குற்றம் சாட்டுவது நியாயமா?

பல நேரம் நியாயமே இல்லை. உங்களையும் வீட்டில் யாரோ இப்படி வாயடைத்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். என்னை அடைத்தவன் என் தம்பி.

அப்பா பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்தவர். அவர் போன பிறகு அம்மா திருச்சியில் என்னோடுதான் இருக்கிறார். போன ஆனி மாதம் எதிர்வீட்டு வளைகாப்புக்குப் போய் முக்கால் மணி நேரத்தில் திரும்பினேன். குளியலறை வாசலில் அம்மா கிடந்தார். இடது மணிக்கட்டு வீங்கியிருந்தது. விரலிடுக்கில் சோப்பு நுரை இன்னும் காயவில்லை. மாவுக்கட்டு போட்டு அழைத்து வந்த இரவு, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தம்பி எழுதினான்: "அம்மாவைத் தனியாக விட்டுவிட்டு விசேஷத்துக்குப் போகலாமா அக்கா?"

"தப்புதான்" என்றுதான் முதலில் எழுதினேன். பிறகுதான் கேட்டேன்: "நீ அம்மாவை வந்து பார்த்துப் பதினோரு மாதம் ஆகிறதே, அது?" "அது வேறு விஷயம்" என்றான். சித்தப்பா மகன் 'வாட்அபவுட்டிசம்' என்று ஒற்றைச் சொல்லைப் போட்டான்; 'அவன் மட்டும் என்ன?' என்று கேட்டுப் பேச்சைத் திசைதிருப்புவது என்று பொருள். மூன்று பேர் அதற்குக் கட்டைவிரல் காட்டினார்கள்.

அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தேன். 1974-இல் அயர்லாந்து நாளிதழ் ஒன்றில் வந்த வாசகர் கடிதம், ஐஆர்ஏ என்ற அயர்லாந்து ஆயுதக் குழுவைக் கண்டித்த உடனே எதிரியின் அக்கிரமத்தை எடுத்து வீசுகிறவர்களைச் சாடியது. அங்கே ஒரு தரப்பின் வன்முறைக்கு மறுதரப்பின் வன்முறை மறைப்பாக நின்றது. நான் எதை மறைத்தேன்? அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் கடமை இருவருக்கும் பொது. என்னை எடைபோட்ட தராசில் அவனும் ஏற வேண்டாமா? முதலில் தன் குற்றத்தை நீக்கிவிட்டுப் பிறர் குற்றத்தைப் பார் என்று, 'தன்குற்றம் நீக்கிப் பிறர்குற்றங் காண்கிற்பின்' எனக் குறள் அரசனுக்கே சொல்கிறது.

வெளியூரில் வேலை பார்ப்பவன் எப்படி வருவான் என்று சிலர் வருவீர்கள். அவன் மாதாமாதம் பணம் அனுப்புகிறான், நான் மறுக்கவில்லை. இதையும் ஏற்கிறேன்: தன் தப்பை ஒப்புக்கொள்ளாமல் அடுத்தவன் கதையை இழுப்பது திசைதிருப்பல்தான். லஞ்சம் வாங்கியவன் 'அவன் வாங்கவில்லையா?' என்றால் நானும் ஏற்க மாட்டேன்.

இன்னொன்றையும் கொட்டிவிடுகிறேன். அம்மாவுக்கு வரும் ஓய்வூதியத்துக்கு நவம்பரில் உயிர்வாழ் சான்றிதழ் தர வேண்டும். 2014 முதல் கைரேகை வைத்தே தரலாம். 2021 முதல் கைபேசியில் முகத்தைக் காட்டினாலே போதும். எங்கள் வங்கிக் கிளையிலோ, "நேரில்தான் வர வேண்டும்" என்று ஒரே பிடிவாதம். ஏழு படி, கைப்பிடி கிடையாது. ஆட்டோக்காரரும் நானும் ஆளுக்கொரு பக்கம் தாங்கி ஏற்றினோம். பாத்திரம் தேய்த்தே ரேகை அழிந்த விரலை நான்கு முறை வைத்தும் கருவி ஏற்கவில்லை. அம்மா அந்த வங்கி ஊழியப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டார். அதை இன்னும் என்னால் தாங்க முடியவில்லை.

தம்பி பொங்கலுக்கு வருகிறேன் என்றிருக்கிறான். வரட்டும். அம்மா தூங்கிய பிறகு அதே கேள்வியை மறுபடியும் கேட்பேன்.